பூசி மறைக்கும் வேலையை ஏன் மறுக்கிறோம்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "கூரையில் கொஞ்சம் பெயர்ந்திருக்கிறது, பூசி பெயின்ட் அடித்துக் கொடுங்கள்" என்று கேட்டு வருகிறவர்களில் சிலரிடம் முடியாது என்று சொல்லிவிடுகிறோம். கைக்கு வந்த வேலையை விடுவதில் எங்களுக்கும் வருத்தம்தான். காரணத்தை எழுதிவிடுகிறோம்.

கூரைக் கான்கிரீட் பெரும்பாலும் தானாக உதிர்வதில்லை. உள்ளே இருக்கும் கம்பி அதைத் தள்ளுகிறது. நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியைத் துருவிலிருந்து காக்கும். காற்றிலுள்ள கரியமில வாயு வருடக்கணக்கில் உள்ளே இறங்கி அந்தக் காரத்தைக் குறைத்துவிடும். கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட் படலம் (கவர்) மெலிதாக இருந்தால் இது சீக்கிரமே நடக்கும். அப்புறம் கம்பி துருப்பிடிக்க மேல்வீட்டுக் குளியலறையின் கசிவு ஒன்று போதும். துரு, தான் தின்ற இரும்பு இருந்த இடத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேலே இடம் கேட்கும், கான்கிரீட் வெடித்துவிடும். அதன்மேல் பூசினாலோ, ஃபால்ஸ் சீலிங் போட்டாலோ, உள்ளே கம்பி இளைத்துக்கொண்டே போவது யார் கண்ணுக்கும் படாது.

எல்லா விரிசலுக்கும் பயப்பட வேண்டாம். பூச்சில் வலை போல ஓடும் மெல்லிய கோடுகள், தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்துப் பிளவு ஆகியவை பெரும்பாலும் தொந்தரவில்லாதவை. முனைகளில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். நீள்கிறதா என்று தெரிந்துவிடும். ஆனால் பீமின் ஓரத்தில், தூணுக்குப் பக்கத்தில் சாய்வாக ஓடும் விரிசலும், தூணிலேயே விழும் விரிசலும், கம்பி போகும் வழியே பழுப்புக் கறையோடு நீளும் விரிசலும் வேறு கதை. அங்கே பென்சிலோடு காத்திருக்காதீர்கள். கட்டிலை அந்த இடத்துக்கு அடியிலிருந்து நகர்த்திவிட்டுக் கட்டமைப்புப் பொறியாளரை அழையுங்கள்.

எங்களை அல்ல, அவரைத்தான் முதலில். பழுது பார்த்துக் காசு வாங்குகிற நாங்களே பழுதின் அளவையும் சொல்வது சரியில்லை. அவர் தட்டிப் பார்ப்பார், புதிதாக உடைத்த இடத்தில் காரம் இருக்கிறதா என்று நிறத்தால் காட்டும் ஃபீனால்ப்தலீன் கரைசலைத் தெளிப்பார். இளஞ்சிவப்பாக மாறினால் காரம் இருக்கிறது, நிறமே வராவிட்டால் போய்விட்டது. கான்கிரீட்டின் மேற்பரப்பில் அடித்து அதன் வலிமையைக் கணிக்கும் சுத்தியல் கருவியின் எண்ணை மட்டும் காட்டி "எல்லாம் சரி" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காரம் போன மேற்பரப்பு இறுகி, எண்ணைக் கூட்டிக் காட்டும்.

வேலை என்று வந்தால் முதலில் கசிவை நிறுத்த வேண்டும். பிறகு கம்பியின் பின்பக்கம் வரை கொத்தி, துருவை நீக்கி, இளைத்துப்போன இடத்தில் பொறியாளர் சொல்லும் அளவில் புதுக் கம்பி சேர்த்து, பாலிமர் சேர்த்த சிமெண்ட் கலவையால் நிரப்புவோம். சத்தமும் தூசியும் உண்டு, பூச்சைவிடச் செலவும் கூடும். தளமும் பீமும் மேல்வீட்டையும் தாங்குகின்றன என்பதால் மேல்வீட்டாரிடமும் குடியிருப்போர் சங்கத்திடமும் முன்பே பேசிவிடுங்கள்.

எங்களுக்குப் படம் அனுப்பும்போது விரிசலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து எடுங்கள். அதற்கு மேலே என்ன அறை இருக்கிறது என்பதையும் ஒரு வரி எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழுதுபார்ப்புக் குழுவினர்