58 கிராம், 62 கிராம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

போன வாரம் வயலின் மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிய அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நகைக்கடைத் தராசில் நம் கடை வயலின் வில்கள் இரண்டு, ஒன்று 58 கிராம், இன்னொன்று 62. "கையால் செய்ததாம், எடைகூடச் சரியாக வரவில்லை" என்று கீழே ஒரு வரி. எனக்கே ஆறு பேர் அனுப்பினார்கள்.

கடையைத் திட்டியிருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். நமக்கு வில் செய்து தந்த ஆசாரியின் வேலையைச் சொன்னதுதான் பொறுக்கவில்லை.

வயலின் வில் என்றாலே 60 கிராமுக்கு முன்னே பின்னேதான் இருக்கும். ஒரே கட்டையில் அறுத்த இரண்டு தண்டுகள்கூட ஒரே கனம் இருக்காது. ஆசாரி எடை பார்த்துச் சீவுகிறவர் இல்லை, விறைப்பைப் பார்த்துச் சீவுகிறவர். தண்டை மேசை விளிம்பில் வைத்து அழுத்தி, எங்கே வளைய மறுக்கிறதோ அங்கே மட்டும் இன்னொரு சீவல், தாளைவிட மெலிசாகச் சுருள் விழும். அப்புறம் ஸ்பிரிட் விளக்கில் காட்டி வளைப்பார், ஒரு கண்ணை மூடி நுனிவரை நோட்டம் பார்ப்பார், திரும்பவும் விளக்கு. 58-ஐ 62 ஆக்குவது பெரிய வித்தையா? பிடிக்கு மேலே வெள்ளிக் கம்பியைக் கூடுதலாகச் சுற்றினால் ஆயிற்று. தராசுக்குத் திருப்தி, வாசிக்கிறவர் கைக்கு இல்லை. நுனி கனத்த 58 கிராம் வில், அடிப்பக்கம் கனம் தங்கிய 62 கிராம் வில்லைவிடக் கையில் பாரமாகத் தெரியும். படம் போட்டவர் அந்த இரண்டையும் நம் கடையில் ஒரு மணி நேரம் வாசித்துப் பார்த்துத் தானே பொறுக்கியவர் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி, ரசீதில் எடையை எழுதிக் கொடுத்திருக்கலாம். அது எங்கள் தப்பு.

ஆசாரிக்கு வயலின் வாசிக்கத் தெரியாது, வீணை செய்கிற குடும்பம். உடைந்துபோய் வந்த ஒரு பிரெஞ்சு வில்லைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தே கற்றுக்கொண்டார். 200 வருஷத்துக்கும் முன்னால் பாரிஸில் இன்றைய வில்லுக்கு உருவம் கொடுத்த தூர்த்கூட முதலில் கடிகாரத் தொழில் பழகியவர்தான் என்று ஒருமுறை சொன்னேன். "அப்ப நம்ம ஆளுதான்" என்றார்.

சித்திரையிலிருந்து அவருக்குக் கை நடுக்கம், மகன் வீட்டோடு போய்விட்டார். வில் தண்டுக்கான பெர்னாம்புகோ மரமும் சுலபமாகக் கிடைப்பதில்லை. பிரேசிலின் தேசிய மரம், காடே அழிந்து வருவதால் 2007-லிருந்து சைட்டிஸ் என்கிற, அழியும் உயிரினங்களின் வியாபாரத்துக்கான சர்வதேச ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. எங்களிடம் இருந்த பழைய கட்டை தீர்ந்துவிட்டது. அதனால் இனி தண்டு வெளியிலிருந்து வரும், வில்லுக்குக் குதிரை முடி கட்டுவது மட்டும் இங்கே, விலை பழையபடிதான்.

மார்கழியில் கச்சேரிக்கு முந்தின ராத்திரி ஷட்டரைத் தட்டி எழுப்பியவர்கள், படம் வந்த அன்றே போன் செய்து "நாங்கள் இருக்கிறோம்" என்றவர்கள், ஆசாரிக்கு மதுரையிலிருந்து மூட்டுவலித் தைலம் வாங்கி வந்த அந்த டீச்சரம்மா, எல்லோருக்கும் மனசார நன்றி. நீங்கள் இல்லாமல் இந்தக் கடை இத்தனை வருஷம் ஓடியிருக்காது.

படம் போட்டவருக்கும் ஒன்று சொல்கிறேன், கோபமில்லை. இரண்டு வில்லையும் கொண்டு வாருங்கள், முழுப் பணத்தையும் தருகிறேன். அந்த 58 கிராம் வில்லை இப்போதே இரண்டு பேர் கேட்டு வைத்திருக்கிறார்கள்.

முடி மாற்றக் கொடுப்பவர்கள் வில்லின் அடியில் உள்ள திருகைத் தளர்த்திக் கொண்டு வாருங்கள், இந்த மழைக்காலத்தில் முறுக்கியபடி வைத்தால் தண்டு கோணிவிடும். ஞாயிறு மதியம் வரை கடை உண்டு.

இப்படிக்கு,
கடைக்காரர்