'பிளேட்' படத்துக்கு ஒரு வரி போதாது

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் சூப்பர் ஹீரோ படங்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 2000இல் வெளியான 'எக்ஸ்-மென்' தொடங்கி மார்வெல் காமிக்ஸ் நிறுவனம் வளர்ந்த கதையைச் சுவையாகவே சொல்லியிருந்தார் கட்டுரையாளர். ஆனால் அதற்கு முன்பே, 1998 ஆகஸ்டில் வந்த, ரத்தக்காட்டேரிகளை வேட்டையாடும் நாயகனின் கதையான 'பிளேட்' படத்துக்கு மார்வெல்லைக் காப்பாற்றிய படம் என்று ஒரே ஒரு வரி!

அந்த வரியிலும் எனக்குப் பாதி உடன்பாடுதான். 1996 இறுதியில் மார்வெல் திவால் மனு கொடுத்ததும், சுமார் 45 மில்லியன் டாலரில் எடுத்த 'பிளேட்' உலகம் முழுக்க 130 மில்லியனைத் தாண்டியதும் உண்மை. ஆனால் படத்தைத் தயாரித்தது நியூ லைன் சினிமா என்ற வேறு நிறுவனம். மார்வெல்லுக்குக் கிடைத்தது காசைவிடத் தைரியம்தான். 1986இல் மார்வெல் காமிக்ஸை வைத்து எடுத்த 'ஹோவர்ட் த டக்' படம் வாங்கிய அடிக்குப் பிறகு, தங்கள் காமிக்ஸை நம்பியும் தியேட்டருக்கு ஆள் வரும் என்ற தைரியம்.

இந்தக் கணக்கையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு, சமீபத்தில் படத்தை மறுபடி பார்த்தேன். அந்தத் தொடக்கக் காட்சி இன்றைக்கும் அசத்துகிறது. ஒரு பெண்ணை நம்பி இளைஞன் ஒருவன் இறைச்சிக் கிடங்கு வழியாக நடன விடுதிக்குள் நுழைகிறான். காதைப் பிளக்கும் இசை. கூரையில் இருக்கும் தீயணைப்புக் குழாய்கள் திறந்துகொள்ள, கொட்டுவது தண்ணீர் அல்ல, ரத்தம். சுற்றி ஆடுகிறவர்கள் எல்லோருக்கும் கோரைப் பல். வழுக்கி விழுந்து, தவழ்ந்து போகிறவனின் முகத்துக்கு நேரே ஒரு ஜோடி பூட்ஸ். அத்தனை கூட்டமும் பின்வாங்குகிறது. பிளேடாக நடிக்கும் வெஸ்லி ஸ்னைப்ஸ் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர் யார் என்று நமக்குப் புரிந்துவிடுகிறது. நீண்ட கறுப்புக் கோட்டும் கண்ணாடியுமாக அவர் வந்து நின்றது, அதே தோற்றத்துக்குப் பேர்போன 'மேட்ரிக்ஸ்' படம் வருவதற்கு முந்தைய ஆண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எனக்குப் பிடித்த இன்னொரு விஷயம், ரத்தக்காட்டேரித்தனத்தை இந்தப் படம் ஒரு நோயாகப் பார்க்கிறது. சிலுவைக்கும் புனித நீருக்கும் இங்கே வேலையில்லை. வெள்ளி, பூண்டுச் சாறு, புற ஊதா விளக்கு, இவைதான் ஆயுதம். பிளேடுக்கே ரத்தத் தாகம் உண்டு. அதை அடக்க ஊசி போட்டுக்கொள்கிறான், அந்த மருந்தும் நாளாக நாளாகக் கேட்பதில்லை. கதாநாயகி ரத்தவியல் மருத்துவர். கடிபட்டதும் அழுதுகொண்டு உட்காராமல், தனக்கான சிகிச்சையைத் தானே தேடுகிறாள். ரத்தம் உறையாமல் இருக்க ஆய்வகத்தில் சேர்க்கும் ஈடிடிஏ என்ற வேதிப்பொருள், காட்டேரி ரத்தத்தில் கலந்தால் வெடிக்கிறது என்று கண்டுபிடிப்பதும் அவள்தான்.

வில்லன் டீக்கன் ஃப்ராஸ்டைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். அவன் பிறவிக் காட்டேரி அல்ல, கடிபட்டு மாறியவன். பரம்பரைக் காட்டேரிகள் நீண்ட மேஜையைச் சுற்றி உட்கார்ந்து அவனுடைய பிறப்பைக் குத்திக்காட்டுகிறார்கள். ரத்தம் குடிப்பவர்களுக்குள்ளேயே ரத்தத் தூய்மை பார்க்கும் கூட்டம்! ஃப்ராஸ்டாக நடித்த ஸ்டீபன் டார்ஃப் அதைக் கேட்டுச் சிரிக்கும் சிரிப்பில் அவமானமும் தெரியும். பிறகு ஃப்ராஸ்ட் அந்தக் கூட்டத்தின் தலைவனுடைய பல்லைப் பிடுங்கி, விடியலில் வெயிலுக்குத் தின்னக் கொடுக்கும்போது நமக்கே ஒரு நொடி வில்லன் பக்கம் சாயத் தோன்றுகிறது.

குறை இல்லாமல் இல்லை. கடைசி அரை மணி நேரம் தொய்வுதான். முதலில் ஃப்ராஸ்ட் ஒரு ரத்தச் சுழலாக மாறுவதுபோல் எடுத்திருந்தார்கள். வெளியீட்டுக்கு முன் போட்டுக்காட்டிய சோதனைக் காட்சியில் பார்த்தவர்களுக்கு அது பிடிக்காததால், வாள் சண்டையாகத் திரும்ப எடுத்தார்கள். மாற்றியது நல்லதுதான். ஆனால் அவன் உடல் ஊதி வெடிக்கும் கிராபிக்ஸ், அந்தக் கால வீடியோ கேமை நினைவுபடுத்துகிறது.

கட்டுரையாளர் தொடாத இன்னொன்றும் உண்டு. மார்வ் வுல்ஃப்மனும் ஜீன் கோலனும் 1973இல் 'டூம் ஆஃப் டிராகுலா' காமிக்ஸில் உருவாக்கிய பிளேட், டிராகுலா கதையில் வந்துபோகும் துணைப் பாத்திரம். கையில் மரக்கத்தி. காட்டேரி கடித்தாலும் அந்த விஷம் ஏறாது, அவ்வளவுதான் அவனுடைய சிறப்பு. பாதி மனிதன், பாதி காட்டேரி என்ற இன்றைய பிளேட், ஸ்னைப்ஸும் எழுத்தாளர் டேவிட் எஸ். கோயரும் இயக்குநர் ஸ்டீபன் நாரிங்டனும் சேர்ந்து கொண்டுவந்தவன். அப்புறம் காமிக்ஸே படத்தைப் பார்த்துத் தன் நாயகனை மாற்றிக்கொண்டது.

மஹெர்ஷலா அலி நடிப்பில் புதிய 'பிளேட்' வரும் என்று 2019இல் அறிவித்தார்கள். இயக்குநர்கள் மாறினார்கள், தேதிகள் தள்ளிப்போயின, 2024இல் வெளியீட்டுப் பட்டியலிலிருந்தே படத்தை எடுத்துவிட்டார்கள். அதே ஆண்டு 'டெட்பூல் & வுல்வரின்' படத்தில் பழைய ஸ்னைப்ஸ்தான் திரும்ப வந்து நின்றார்.

கட்டுரையாளர் இந்தத் தொடரைத் தொடர்ந்து எழுதுவதாக இருந்தால், கியெர்மோ டெல் டோரோ இயக்கிய இரண்டாம் பாகத்தையும் சேர்த்து இரண்டு பக்கமாவது ஒதுக்கச் சொல்லுங்கள். மூன்றாம் பாகத்துக்கு அந்த ஒரு வரியே தாராளம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சி.