நெட்டச்சிக்கு ஒரு மழை ஜாக்கெட்

அன்புள்ள நெட்டச்சிக்கு,

இங்கே எல்லாரும் நலம். மாடி வீட்டு அக்காவுக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். பெரிய டீச்சர் கண் ஆபரேஷன் முடிந்து வந்ததும் முதல் வேலையாக என் தையல் கடை போர்டில் எழுத்துப்பிழை கண்டுபிடித்துவிட்டார்கள். உன் முழங்கால் சங்கதியை அடுத்த போனில் கேட்டுக்கொள்கிறேன். இப்போது அதைவிட அவசரமான விஷயம் இருக்கிறது.

நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன். ஏளா, அந்த ஊதா ஜாக்கெட்டை வாங்கிவிடாதே. அட்வான்ஸ் கொடுத்திருந்தால்கூடப் போய்த் திருப்பிக் கேள். கழுத்தைச் சுற்றி முடி, உடம்பு முழுக்கப் பஞ்சு, பை என்று பெயருக்கு இரண்டு கோடு. அக்டோபர் மாதம் மகன் வீட்டுக்கு ஸ்காட்லாந்தில் எடின்பரோ போகிறவளுக்கு இது எதற்கு? இமயமலை ஏறவா போகிறாய்? அந்த மாதத்தில் அங்கே பகலில் 13 டிகிரி இருக்கும், ராத்திரியில் 7 டிகிரிக்கு இறங்கும். கொடைக்கானலில் ஜனவரி மாதம் மெல்லிசு ஸ்வெட்டரோடு ஏரியைச் சுற்றி வந்தவள்தானே நீ! குளிர் உன்னை ஒன்றும் செய்யாது. நனைந்த உடம்பில் காற்று பட்டால்தான் கஷ்டம்.

அந்த ஊர் மழையைப் பற்றித் தெரிந்துகொள். ஒரு வருஷத்துக்கே 700 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடத்தான் பெய்கிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அதைவிடக் குறைவு. ஆனால் நமக்கு ஐப்பசி, கார்த்திகை என்று மொத்தமாகக் கொட்டித் தீர்த்துவிடும். அவர்களுக்கு வருஷம் பூராவும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூறிக்கொண்டே இருக்கும். கூடவே காற்று. ஆடி மாதக் குற்றாலச் சாரலை நினைத்துக்கொள். செங்கோட்டைப் பக்கமிருந்து காற்று தள்ளிக்கொண்டு வரும்போது குடைக்குக் கீழேயும் மேலேயும் பக்கவாட்டிலும் நனைவோமே, அந்த ரகம். குடையை நம்ப முடியாது, காற்றில் மடங்கிவிடும். தலையை மூடிக்கொண்டு கையை வீசி நடக்க ஒரு மெல்லிய மழை ஜாக்கெட்தான் உனக்கு வேண்டும்.

நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாகச் சொல்கிறேன் என்றால், போன வாரம் கடைக்கு இரண்டு மழை ஜாக்கெட் வந்தன. ஒன்றுக்கு ஜிப் மாற்ற வேண்டும், இன்னொன்றுக்கு உள்பக்கம் ஏதோ உதிர்கிறது, லைனிங் போட்டுத் தர முடியுமா என்று கேட்டார்கள். இத்தனை வருஷம் மிஷின் மிதித்தும் இப்படி ஒரு தையலை நான் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. முதல் ஜாக்கெட்டை உள்ளே வெளியே திருப்பினேன். தோள், அக்குள், தலைக்குல்லா என்று எங்கெல்லாம் துணியோடு துணி சேர்கிறதோ அங்கெல்லாம் தையல் மேலே ஒரு மெல்லிய டேப்பைச் சூடு வைத்து ஒட்டியிருக்கிறார்கள். நகத்தால் நெருடினால்தான் அதன் ஓரம் தெரிகிறது. எனக்கு உடனே விளங்கிவிட்டது. துணி எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் ஊசி இறங்கிய இடமெல்லாம் ஓட்டை. ஒரு தோள் தையலுக்கு நூற்றுக்கணக்கில் ஓட்டை விழும். அதை அடைக்காவிட்டால் தண்ணீர் நூலைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்துவிடும்.

அதனால் கடைக்குப் போனால் நீ முதலில் செய்ய வேண்டியது இதுதான்: ஜாக்கெட்டை உள்பக்கமாகத் திருப்பு. தோளிலும் குல்லாவிலும் டேப் இருக்கிறதா பார். எல்லாத் தையலிலும் இருந்தால் ரொம்ப நல்லது. ஊருக்குள் நடக்கிறவளுக்குத் தோளிலும் குல்லாவிலும் இருந்தாலே போதும். உன் ஊதா ஜாக்கெட்டில் அது இருக்காது என்று பந்தயம் கட்டுகிறேன். அதில் ‘வாட்டர் ரெசிஸ்டண்ட்’ என்று போட்டிருக்கும். வாசலிலிருந்து கார் வரைக்கும் போகத் தாங்கும். பஸ் ஸ்டாப்பில் கால் மணி நேரம் நின்றால் தோளில் இறங்கிவிடும். உள்ளே இருப்பது இறகாக இருந்தால் இன்னும் மோசம், நனைந்ததும் கட்டிதட்டிப்போய்ச் சூடு கொடுப்பதையே நிறுத்திவிடும்.

அப்புறம் ஜாக்கெட்டில் தொங்கும் சீட்டில் ஒரு எண் போட்டிருப்பார்கள், 5,000, 10,000, 20,000 என்று. அந்தத் துணி மேல் எவ்வளவு உயரத் தண்ணீர் நின்றால் கசியத் தொடங்கும் என்ற கணக்கு, மில்லிமீட்டரில். 10,000 என்றால் பத்து மீட்டர் உயரம். உனக்கு அது தாராளம். 20,000 என்பது முதுகில் மூட்டையோடு நாள் முழுக்க மலையில் நடப்பவர்களுக்கு. கடைக்காரர் ஆசை காட்டினால் மயங்காதே. அந்த எண்ணுக்கும் தையலுக்கும் சம்பந்தமே கிடையாது. துணியை மட்டும் தனியாக வைத்துச் சோதித்த கணக்கு அது.

இந்தச் சங்கதி முழுக்க ஆரம்பித்ததே நீ போகிற நாட்டில்தான். கிளாஸ்கோவில் பிறந்த சார்லஸ் மேக்கின்டாஷ் என்பவர் 1823இல் இரண்டு துணிக்கு நடுவே கரைத்த ரப்பரை வைத்து ஒட்டி அதற்குக் காப்புரிமை வாங்கினார். மழை உள்ளே வரவில்லை, சரி. வேர்வையும் வெளியே போகவில்லை. வெயிலில் பிசுபிசுத்தது, குளிரில் விறைத்தது. ரப்பரைப் பக்குவப்படுத்தும் வித்தை வந்த பிறகு பிசுபிசுப்பும் விறைப்பும் தீர்ந்தன, புழுக்கம் மட்டும் தீரவில்லை. நூறு வருஷத்துக்கும் மேல் கழித்து, 1969இல் அமெரிக்காவில் பாப் கோர் என்பவர் ஒருவகைப் பிளாஸ்டிக்கைச் சூடாக்கி வெடுக்கென்று இழுத்துப் பார்த்தார். அது கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகளோடு விரிந்துகொடுத்தது. தண்ணீர்த் துளியைவிட ஓட்டை பல்லாயிரம் மடங்கு சின்னது, ஆனால் ஆவி புகுந்து போகும். கோர்டெக்ஸ் என்று சொல்கிறார்களே, அது இதிலிருந்து வந்ததுதான். ஒரு பிளாஸ்டிக் துண்டு மழையை நிறுத்திவிட்டு வேர்வைக்கு வழிவிடுகிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் சிலிர்க்கிறது.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, இதற்காகத்தான் இந்தக் கடிதமே. உள்ளே ஆவி அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருந்தால்தான் அது வெளியே போகும். எடின்பரோவில் உன் உடம்பு சூடு, வெளிக்காற்று குளிர்ச்சி. ஆவி சுலபமாகப் போய்விடும். தாம்பரத்தில் வெளியேயும் புழுக்கம், உள்ளேயும் புழுக்கம். ஆவி எங்கே போகும்? அதனால் சென்னையில் கடைக்குள் நின்று போட்டுப் பார்த்து, ‘ஐயோ வேகுது’ என்று நல்லதை ஒதுக்கிவிடுவாய். அல்லது ஏசி குளிரில் போட்டுப் பார்த்துவிட்டு ஊதாவை வாங்குவாய். இரண்டும் வேண்டாம். இங்கிருந்து உள்ளே போடுவதை மட்டும் வாங்கிக்கொண்டு போ: கம்பளி பனியன் இரண்டு, மெல்லிய ஃப்ளீஸ், அதாவது மெத்தென்று கம்பளி மாதிரி இருக்கும் மேல்சட்டை, ஒன்று. பருத்தி பனியன் வேர்வையைக் குடித்துவிட்டு ஈரமாகவே கிடக்கும், குளிர் ஊரில் ஆகாது. மேலே போடும் ஜாக்கெட்டை அங்கே போய், மகனோடு கடைக்குப் போய், மழை பெய்கிற ஒரு நாளில் வாங்கு. ஏர்போர்ட்டுக்கு வரும்போது அவனுடைய பழைய ஜாக்கெட் ஒன்றை எடுத்துவரச் சொல். அவன் கையும் உன் கை மாதிரி நீளம்தான்.

கை என்றதும் ஞாபகம் வருகிறது. உனக்குப் பிளவுஸ் தைக்கும்போதெல்லாம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஃப்ளீஸுக்கு மேல் ஜாக்கெட்டைப் போட்டு, இரண்டு கையையும் பஸ் கம்பியைப் பிடிக்கிற மாதிரி தூக்கிப் பார். மணிக்கட்டு வெளியே வந்தால் அது உனக்கு ஆகாது, தண்ணீர் முழங்கை வரை ஓடிவிடும். குல்லாவைக் கொண்டைக்கு மேல் போட்டுக்கொண்டு பக்கத்தில் திரும்பு. தலையோடு குல்லாவும் திரும்ப வேண்டும். நீ திரும்பி அது நிற்குமானால், ரோட்டைக் கடக்கும்போது வருகிற பஸ் தெரியாது. இது விளையாட்டில்லை. நெற்றிக்கு மேலே சின்னதாக விளிம்பு இருந்தால் உன் கண்ணாடி நனையாது. நீளம் இடுப்புக்குக் கீழே இறங்க வேண்டும், சுடிதாருக்கு மேலே போட்டாலும் சேலைக்கு மேலே போட்டாலும் பார்க்க லட்சணமாக இருக்கும். அக்குளில் ஜிப் இருந்தால் விடாதே. ஊருக்குத் திரும்பி வந்து இங்கே போட்டால் அதுதான் உன்னைக் காப்பாற்றும். உள்பக்கம் ஜிப் வைத்த பை ஒன்று, பாஸ்போர்ட்டுக்கு. நிறம் கருநீலமோ ஆலிவ் பச்சையோ எடு. கோயிலுக்கும் போடலாம், கல்யாண வீட்டுக்கு ரயிலில் போகும்போதும் போடலாம். நடக்கும்போது சரசரவென்று சத்தம் போடுகிற துணி வேண்டாம், உனக்கு ஒரே நாளில் எரிச்சல் வந்துவிடும்.

இரண்டாவது ஜாக்கெட்டைப் பற்றிச் சொல்லவில்லையே. அது வெளிநாட்டிலிருந்து வந்த விலை உயர்ந்த சாமான். இங்கே வந்ததும் பத்திரமாக மடித்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு, பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். உள்பூச்சு செதில் செதிலாக என் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது, புளித்த வாடை வேறு. நம்ம ஊர் ஈரமும் சூடும் சேர்ந்து அந்தப் பாலியூரித்தேன் என்கிற பிளாஸ்டிக் பூச்சைக் கரைத்துவிடுகிறது. லைனிங் போட்டாலும் இனி மழைக்கு ஆகாது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். எனக்கு மனசே சரியில்லை. நீ ஹேங்கரில், காற்றுப் படுகிற இடத்தில் தொங்கவிடு. லேசான லிக்விட் சோப்பில் துவை. வாசனைக்காகக் கடைசியில் ஊற்றுகிறோமே, அதை ஊற்றவே ஊற்றாதே. மேல்துணியில் மழைத்துளி முத்து முத்தாக உருளாமல் ஊற ஆரம்பித்தால், உள்ளே சீட்டில் அனுமதி இருக்கிறதா பார்த்துவிட்டு, குறைந்த சூட்டில் டிரையரில் போடு. பழையபடி உருளும். அதற்கும் மசியாவிட்டால் மேலே அடிக்கிற ஸ்பிரே இருக்கிறது.

நீ சிரிப்பாய், ஒரு கோட்டுக்கு இவ்வளவு எழுத்தா என்று. 2023 டிசம்பர் 17 ராத்திரி ஜங்ஷன் கடையில் தண்ணீர் ஏறியபோது, மிஷின்களை மேலே தூக்கி வைத்துவிட்டு விடியும்வரை நனைந்த சேலையோடு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். கரண்ட் இல்லை, காற்று மட்டும் விடாமல் அடித்தது. திருநெல்வேலியில், மே மாதம் கத்திரி வெயிலில் வேகிற அதே ஊரில், எனக்குப் பல் கிட்டிவிட்டது. உனக்கு வீசிங் இருக்கிறது. அண்ணாச்சி போன பிறகு நீ தனியாகப் போகிற முதல் பயணம் இது. அங்கே போய் நனைந்து, நெஞ்சு இழுத்து, மகனுக்குப் பாரமாகிவிட்டோமே என்று அறைக்குள்ளேயே முடங்குவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நீ நடக்க வேண்டும். எடின்பரோ கோட்டையைப் பார்க்க ஏற வேண்டும். மழை பெய்தால் பெய்யட்டும்.

ஊதா விஷயம் என்ன ஆயிற்று என்று இன்றைக்கே போன் பண்ணு. ஃப்ளீஸ் வாங்கினால் கை நீளம் பார்க்காமல் வாங்காதே, தோள் முனையிலிருந்து மணிக்கட்டு வரை அளந்து எனக்கு அனுப்பு. கம்பளி பனியன் இங்கே கிடைத்தால் நானே வாங்கி, மாடி வீட்டு அக்கா மகன் நெல்லை எக்ஸ்பிரஸில் வரும்போது கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உன் தையல்காரி
பாளையங்கோட்டை