ஸ்பெயினின் வலென்சியாவிலிருந்து செல்விக்கு

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதியாக இருந்தது. இனி பேப்பரை அவரே படித்துக்கொள்வார், உனக்குக் காலையில் அரை மணி நேரம் மிச்சம். நூலகத்தில் பழைய புத்தகங்களை ஸ்கேன் செய்யத் தொடங்கியிருக்கிறீர்கள் என்பதில் ரொம்ப சந்தோஷம். "அந்த ஊரில் பழசையெல்லாம் எப்படிக் காப்பாற்றுகிறார்கள், எழுது" என்று கேட்டிருந்தாய். இரண்டு வரியில் சொல்ல முடியாத கேள்வி. இந்த ஊர் தான் ஆசையாகச் செய்ததை வருஷா வருஷம் தானே கொளுத்துகிறது.

ஃபாயாஸ் திருவிழா முடிந்து ஊர் இப்போதுதான் தூங்கி எழுந்திருக்கிறது. மார்ச் 19 சூசையப்பர் திருநாள். அவர் தச்சர்களின் காவலர் இல்லையா? குளிர்காலத்தில் பட்டறையில் விளக்கு மாட்டிய மரத்தாங்கிகளையும் துண்டுக் கட்டைகளையும் தச்சர்கள் அன்றைக்குத் தெருவில் போட்டு எரிப்பார்கள், அதிலிருந்து வளர்ந்ததுதான் இது என்று இங்கே சொல்வார்கள். இன்று பேட்டைக்குப் பேட்டை ஒரு சங்கம் இருக்கிறது. வருஷம் முழுக்க வசூல் செய்து, அதற்கென்றே இருக்கும் கலைஞர்களிடம் கொடுத்து, மாடிவீட்டைத் தாண்டும் உயரத்துக்குப் பொம்மைகளை அடுக்குகிறார்கள். மந்திரி, மேயர், வங்கி முதலாளி, ஏறிப்போன வீட்டு வாடகை என்று எதையும் விட்டுவைப்பதில்லை. 19ஆம் தேதி இரவு எல்லாவற்றுக்கும் தீ. தீயணைப்பு வீரர்கள் பக்கத்து வீட்டுச் சுவர்களில் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே நிற்பார்கள். பட்டுப் பாவாடை கட்டிய பெண்கள் விசும்பி அழுவார்கள். முன்பு மரச்சட்டத்தில் அட்டையும் காகிதக்கூழும் வைத்துச் செய்தார்கள். இப்போது பெரும்பாலும் தெர்மாகோல். அந்தக் கறுப்புப் புகை எனக்குப் பிடிக்கவே இல்லை. மரத்துக்குத் திரும்புகிற கலைஞர்கள் சிலர் இருக்கிறார்கள், அவர்கள் ஜெயிக்க வேண்டும்.

ஒவ்வொரு வருஷமும் மக்கள் ஓட்டுப் போட்டு ஒரு பொம்மையை மட்டும் தீயிலிருந்து காப்பாற்றுவார்கள். 1934இல் தொடங்கிய வழக்கம். 1963 முதல் குழந்தைகளுக்கான பொம்மைகளிலும் ஒன்றைக் காப்பாற்றுகிறார்கள். அப்படித் தப்பித்தவைதான் ஃபாயாஸ் மியூசியத்தில் வருஷ வரிசையில் நிற்கின்றன. முதலாவது ஒரு பாட்டியும் பேத்தியும். அடுத்தடுத்து நடந்தால் தாத்தா பாட்டிகள் வந்துகொண்டே இருக்கிறார்கள். மந்திரிகளைக் கிண்டல் செய்த பொம்மைகள் பெரும்பாலும் சாம்பலாகிவிட்டன. ஓட்டுப் போடும் நேரத்தில் ஜனங்களுக்குச் சிரிப்பைவிடப் பாசம்தான் முந்திக்கொள்கிறது போல.

அந்த மியூசியத்தில் வைக்க முடியாத ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பொம்மைக்குக் கீழேயும் சின்னப் பலகையில் நாலைந்து வரி நையாண்டிப் பாட்டு எழுதியிருக்கும். ஸ்பானிஷில் இல்லை, வலென்சிய மொழியில். எதுகை மோனையோடு வரும். நின்று வாய்விட்டுப் படிப்பார்கள், பக்கத்தில் நிற்பவருக்கும் சேர்த்து. அந்தப் பாட்டுகளைச் சேர்த்துச் சிறு புத்தகமாகவும் போடுகிறார்கள். 1855இல் பெர்னாத் இ பல்தோவி என்ற கவிஞர் எழுதியதுதான் அதில் முதலாவது.

இதில் என்ன பெரிசு என்று நினைக்காதே. 1707இல் ஐந்தாம் ஃபெலிப்பே மன்னர் வலென்சியாவின் தனிச் சட்டங்களை ரத்து செய்தார். அதோடு அரசாங்கக் காகிதங்களிலிருந்து இந்த மொழி போயிற்று. சர்வாதிகாரி பிராங்கோ காலத்தில் பள்ளிக்கூடத்திலும் இடமில்லை. அப்போதும் தெருமுனைப் பொம்மைக்குக் கீழே தணிக்கையைத் தாண்டி நாலு வரி எழுத முடிந்தது. 1983இல் சட்டம் வந்து பள்ளிக்குள் திரும்ப நுழைந்தது. 2025இல் பிள்ளைகளுக்கு எந்த மொழி முதன்மை என்று பெற்றோர்களிடம் ஓட்டுக் கேட்டார்கள். கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி, வலென்சிய மொழி மயிரிழையில் முன்னால். நகரத்தின் நடுவில் காதில் விழுவது பெரும்பாலும் ஸ்பானிஷ்தான். சுற்றியுள்ள தோட்டக் கிராமங்களுக்குப் போனால்தான் இதை நன்றாகக் கேட்கலாம். என்னைக் கேட்டால், இந்த மொழியைத் தாங்கி வந்ததில் கண்ணாடிப் பெட்டிகளைவிட எரிந்துபோன அந்தப் பலகைகளுக்குத்தான் பெரிய பங்கு.

உனக்காகவே விசாரித்த விஷயம் ஒன்று. ஸ்பெயினில் அச்சான முதல் இலக்கியப் புத்தகம் இந்த ஊரில் 1474இல் வந்தது. மாதாவைப் புகழ்ந்து நடந்த கவிதைப் போட்டியின் தொகுப்பு, 45 பாட்டுகள். நாலு ஸ்பானிஷ், ஒன்று இத்தாலியன், மீதியெல்லாம் வலென்சிய மொழி. உலகத்திலேயே ஒரே பிரதிதான் மிஞ்சியிருக்கிறது, அது இங்கே பல்கலைக்கழக நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது. நாலு வருஷம் கழித்து, 1478இல், பைபிளையே இந்த மொழியில் அச்சிட்டார்கள். கத்தோலிக்க நெறிக்கு மாறானதைத் தேடித் தண்டித்த மதவிசாரணை மன்றம் பிரதிகளைத் தேடிப் பிடித்து எரித்தது. புத்தகத்தின் கடைசித் தாள் மட்டும் தப்பி இப்போது நியூயார்க்கில் இருக்கிறது. எந்த அச்சகம், யார் மொழிபெயர்த்தார் என்ற விவரமெல்லாம் அந்தத் தாளில்தான். ஒரு புத்தகத்தில் ஒரே தாள் பிழைக்க வேண்டுமென்றால் அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று நீ சொல்வாய், தெரியும். இந்த ஊரில் பார்க்கும் தீயெல்லாம் எனக்கு ஒரே மாதிரி தெரியாமல் போனது இதைக் கேட்ட பிறகுதான்.

அப்புறம், கடைமடைக்குத் தண்ணீர் வருவதில்லை என்று உன் அண்ணன் படும் பாட்டை எழுதியிருந்தாயே. அவரிடம் இதைச் சொல். இங்கே வியாழக்கிழமைதோறும் மதியம் 12 மணிக்குப் பேராலயத்தின் அப்போஸ்தலர் வாசலில் தண்ணீர் நீதிமன்றம் கூடும். தூரியா ஆற்றிலிருந்து பிரியும் எட்டு வாய்க்கால்களுக்கு எட்டுப் பேர். எல்லாரும் விவசாயிகள், விவசாயிகளே தேர்ந்தெடுத்தவர்கள். கறுப்பு மேலங்கி போட்டு வட்டமாக உட்காருவார்கள். சேவகர் ஒவ்வொரு வாய்க்காலின் பெயரையும் சொல்லி, குற்றம் சாட்டப்பட்டவர் யாராவது உண்டா என்று உரக்கக் கேட்பார். வக்கீல் கிடையாது, எல்லாம் வாய்ப்பேச்சு, எல்லாம் வலென்சிய மொழியில். வலக்கரை வாய்க்காலில் தகராறு என்றால் தீர்ப்பை இடக்கரைக்காரர்கள் முன்வைப்பார்கள். இடக்கரை என்றால் வலக்கரைக்காரர்கள். மேல்முறையீடு இல்லை. பாதி நாள் வழக்கே இருக்காது, சில நிமிஷத்தில் எழுந்து போய்விடுவார்கள். ஆனாலும் கூடாமல் இருப்பதில்லை. 2009இல் யுனெஸ்கோ இதைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஃபாயாஸ் அந்தப் பட்டியலில் 2016இல் சேர்ந்தது.

சாப்பாடு பற்றிக் கேட்காமல் விடமாட்டாயே. திருவிழா நாளில் தெருவோரம் பூசணிக்காய் பிசைந்த மாவைக் கையில் எடுத்து, கட்டைவிரலால் ஓட்டை போட்டு எண்ணெயில் விடுவார்கள், அப்படியே நம் மெதுவடை. சர்க்கரை தூவிக் கெட்டிச் சாக்லேட்டில் தொட்டுச் சாப்பிட வேண்டும்.

2024 அக்டோபர் வெள்ளத்தில் தெற்குப் பக்கக் கிராமங்கள் பட்டதைப் போனிலேயே சொன்னேன். இருநூறுக்கும் மேற்பட்ட உயிர்கள். அதன் பிறகு சேற்றில் கிடந்த குடும்பப் புகைப்படங்களைச் சேகரித்து, கழுவி, உலர்த்தி உரியவர்களிடம் சேர்க்கும் வேலையில் பல்கலைக்கழகம் இறங்கியது. ஈரமான தாளைக் கையாளும் முறை உங்கள் நூலகத்துக்கும் உதவும். அதுபற்றி அவர்கள் வெளியிட்டது ஏதாவது கிடைக்கிறதா என்று கேட்டு அனுப்புகிறேன். நீயும் ஸ்கேன் எடுத்ததில் நன்றாக வந்த நாலு பக்கம் அனுப்பு. அம்மாவை மருந்து விடுவதை மட்டும் நிறுத்தவிடாதே.

அன்புடன்,
மீனா