ஆதரவு நபர்களுக்கு வீடியோ பாடம் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தைக்குப் புகார் முதல் தீர்ப்பு வரை துணை நிற்பவர் ஆதரவு நபர். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 2020ஆம் ஆண்டு விதிகளின்படி, குழந்தை, பெற்றோர் சம்மதத்தோடு குழந்தைகள் நலக் குழு இவரை நியமிக்கிறது. இந்தப் பணிக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஆன்லைனில் பயிற்சி தருவதை மனதார வரவேற்கிறேன். மலைக்கிராமத்துப் பெண்ணும் கைக்குழந்தைக்காரியும் பஸ் ஏறாமல் படிக்கலாம்.

ஆனால் சட்டப் பிரிவுகளை வீடியோவில் வாசித்து, நாலு கேள்வி கேட்டு, சான்றிதழ் கொடுத்து அனுப்புவது பயிற்சி ஆகாது. குழந்தையை எக்காரணம் கொண்டும் இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது என்கிறது போக்சோ சட்டத்தின் 24ஆம் பிரிவு. படித்தால் மனதில் நிற்கும். ராத்திரி பதினொரு மணிக்கு, "காலையில பாத்துக்கலாம், இங்கேயே இருக்கட்டும்" என்று அதிகாரி சொல்லும்போது குரல் உயர்த்தாமல், பின்வாங்காமல் என்ன பதில் சொல்வது? "கேஸே வேண்டாம்மா, ஊருக்குத் தெரிஞ்சா இவளுக்கு எப்படிக் கல்யாணம் ஆகும்" என்று அழும் தாயிடம் எப்படிப் பேசுவது? இதையெல்லாம் வாய்விட்டுப் பேசித்தான் பழக வேண்டும்.

நீதிமன்றத்துக்குப் போய்ப் பார்த்துக் கற்கவும் வழியில்லை. அதே சட்டத்தின் 37ஆம் பிரிவின்படி போக்சோ விசாரணை மூடிய அறையில் நடக்கிறது. அதனால்தான் ஐந்தாறு பேர் கொண்ட நேரலை வகுப்பில், ஒருவர் அதிகாரியாக, ஒருவர் தாயாக நடித்துப் பழகும் பயிற்சி அவசியம் என்கிறேன். பேசாமல் உட்கார்ந்திருக்கும் குழந்தையிடம் "என்ன நடந்தது?" என்று மறுபடி கிளறாமல் இருக்கவும் அங்கேதான் பழக முடியும். சாட்சியம் சொல்லிக்கொடுப்பது உதவி அல்ல, வழக்கையே கெடுத்துவிடும் என்பதும் அங்கே மனதில் பதிய வேண்டும்.

இன்னொன்று, ஆதரவு நபர்களின் வாட்ஸ்அப் குழு. சந்தேகம் கேட்கிறேன் என்று வழக்கு விவரத்தை அதில் போடுகிறார்கள். ஊர், பள்ளி, வகுப்பு மூன்றும் தெரிந்தால் சிற்றூரில் அந்தக் குழந்தை யாரென்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். ரகசியம் காப்பது ஆதரவு நபரின் கடமை என்று விதியே சொல்கிறது. குழுவுக்குப் பதிலாக, போன் செய்து கேட்க அனுபவமுள்ள ஒருவரை ஒவ்வொருவருக்கும் ஒதுக்குங்கள்.

பயிற்சிக்கு வரும் பெண்களில் சிலர் இதே கொடுமையைத் தாங்கி வந்தவர்களாக இருப்பார்கள். பாடத்தில் என்ன வரப்போகிறது என்று முன்பே சொல்லிவிட வேண்டும். நடுவில் எழுந்து போனாலோ கேமராவை அணைத்தாலோ மதிப்பெண்ணைக் குறைக்கக் கூடாது. வீட்டில் மற்றவர்கள் காதில் விழாமல் படிக்க, எழுத்து வடிவிலும் பாடம் வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருவண்ணாமலை