நானாக நிற்கவில்லை, ஐயா

மதிப்பிற்குரிய தொழிலாளர் துணை ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். ஜவுளிக்கடை வேலையிலிருந்து என்னை நீக்கியதை எதிர்த்து நான் போட்ட மேல்முறையீட்டு மனு உங்கள் மேசையில்தான் இருக்கிறது. அதனால் முழுக் கதையையும் மறுபடி சொல்லவில்லை. போன வாய்தாவில் கடைத் தரப்பு கொடுத்த பதிலில் ஒரே ஒரு வரி: "மனுதாரர் தானாகவே வேலையை விட்டு நின்றுவிட்டார்." அதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அதற்காகத்தான் இந்த மடல்.

அந்த ஜவுளிக்கடையின் பட்டுப் பிரிவில் 10 வருடம் நின்றேன். காலை 9.30க்கு நிற்க ஆரம்பித்தால் மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம்தான் உட்காருவோம். கால் நரம்பு சுருட்டிக்கொண்டு வீங்கியது. ஈ.எஸ்.ஐ. மருத்துவர் அதிக நேரம் நிற்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்த சீட்டை சூப்பர்வைசரிடம் காட்டி ஒரு ஸ்டூல் கேட்டேன். கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் போராடியதால் 2018இல் கேரளத்தில் கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமை வந்தது. 2021இல் நம் தமிழ்நாட்டிலும் சட்டம் வந்தது. நான் கேட்டது அந்த ஸ்டூலைத்தான். தீபாவளி விற்பனை முடியும்வரை பொறுத்துக்கொள் என்றார்கள். பொறுத்தேன். தீபாவளி முடிந்த மூன்றாம் நாள், "நாளையிலிருந்து வர வேண்டாம்மா" என்றார்கள். கையில் ஒரு துண்டுக் காகிதம்கூடத் தரவில்லை.

ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணம் இல்லாமல் நீக்கக் கூடாது, ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ தர வேண்டும், குற்றம் செய்தார் என்றால் விசாரணை வைத்து நிரூபிக்க வேண்டும். 1947ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டம் 41ஆம் பிரிவில் இப்படித்தான் சொல்கிறது. உங்களுக்குத் தெரியாததில்லை. இதில் ஒன்றுகூட எனக்கு நடக்கவில்லை என்பதால்தான் "தானாக நின்றுவிட்டார்" என்று எழுதியிருக்கிறார்கள்.

சம்பள விஷயத்துக்கு வருகிறேன். மாலை 6.30 ஆனதும் எல்லோரும் போய்க் கைரேகை வைத்துவிட்டு வரச் சொல்வார்கள். மிஷின் கணக்கில் நாங்கள் வீட்டுக்குப் போய்விட்டோம். ஆனால் நிற்பது அதே கவுண்டரில்தான். கடைசி வாடிக்கையாளர் போன பிறகு, பிரித்துப் போட்ட சேலைகளை மடித்து அடுக்கி முடிக்க இரவு 10.30 ஆகும். கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் என்கிறது சட்டம். எங்களுக்கு ஒரு டீ வரும். சம்பள நாளில் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது தொகை இருக்கும் கட்டத்தின் மேல் கேஷியர் ஸ்கேலை வைத்து மறைத்துக்கொள்வார். ஒரு முறை ஸ்கேல் நகர்ந்தது. அதில் இருந்த தொகை வேறு, என் கவரில் இருந்த தொகை வேறு.

கைரேகைப் பதிவைப் பார்த்தால் அவர்கள் சொல்வதுதான் உண்மை போலத் தெரியும். அதனால் உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: பில் பதிவுகளை வரவழையுங்கள். ஒவ்வொரு பில்லிலும் சேலை எடுத்துக் காட்டியவரின் நம்பரும், பில் போட்ட நேரமும் அச்சாகும். என் நம்பரில் இரவு 8 மணிக்கும் 9 மணிக்கும் எத்தனை பில் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். வீட்டுக்குப் போனவள் எப்படிச் சேலை விற்றாள் என்று அவர்களைக் கேளுங்கள்.

டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர்கள் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பு என்று 1982இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இத்தனை வருடம் கழித்தும், கடைவீதியில் விளக்கு எரியும் எந்த ஜவுளிக்கடைக்குள் போய் நின்றாலும் எங்களைப் போன்ற பெண்களின் வீங்கிய கால்களைப் பார்க்கலாம். ஆய்வுக்கு வருகிறவர்கள் பகலில் வருகிறார்கள். இரவு 9 மணிக்கு ஒரு நாள் வந்தால் என்ன? மூன்று வாய்தாவுக்கும் கடைத் தரப்பிலிருந்து வக்கீலின் ஜூனியர் மட்டும் வந்து தேதி வாங்கிக்கொண்டு போகிறார். எனக்கு ஒவ்வொரு வாய்தாவும் ஒரு நாள் கூலியும் பஸ் செலவும். இப்போது ஒரு தையல் கடையில் காஜா எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கோபத்தில் ஏதாவது அதிகமாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. போன முறை எனக்குத் தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னவர் நீங்கள். அடுத்த வாய்தாவுக்குள் பில் பதிவுகளையும் சம்பளப் பதிவேட்டையும் வரவழைக்க உத்தரவிடுங்கள். என்னைத் திரும்ப வேலைக்கு எடுக்கவும், குறைத்துக் கொடுத்த சம்பளத்தைக் கணக்குப் பார்த்துத் தரவும் சொல்லுங்கள்.

பழைய பில்லெல்லாம் அழிந்துவிட்டது என்று சொன்னாலும் சொல்வார்கள். என் நாத்தனார் போன ஐப்பசியில் என்னிடம் எடுத்த சேலையின் பில்லைப் பத்திரமாக வைத்திருந்தார். அதில் என் நம்பர் இருக்கிறது. நேரம் இரவு 9.42. அதன் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பட்டுப் பிரிவில் 10 வருடம் வேலை பார்த்த மனுதாரர்