பாக்கெட்டின் பின்பக்கத்தையும் தமிழில் அச்சிட வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பட்டுக்கோட்டையில் 22 வருடமாக மளிகைக் கடை வைத்திருக்கிறேன். போன வாரம் எங்கள் தெருப் பாட்டி ஒருவர் பேரனுக்கு ஆரஞ்சு ஜூஸ் பவுடர் வாங்க வந்தார். பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, பஞ்சு மிட்டாயில சாயம் கலந்தாங்களே, அந்த மாதிரி இதுல ஏதும் இருக்கா?" என்று கேட்டார். நானும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். எறும்பு ஊர்ந்த மாதிரி ஆங்கில எழுத்து. நடுவில் 102, 110, 211 என்று எண்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இத்தனைக்கும் அந்தப் பாட்டி தினமும் காலையில் என் கடைத் திண்ணையில் உட்கார்ந்து தமிழ்ப் பேப்பரை முழுதாகப் படிக்கிறவர்.

பஞ்சு மிட்டாய் விஷயம் எல்லோருக்கும் நினைவிருக்கும். 2024 பிப்ரவரியில் முதலில் புதுச்சேரியிலும் அப்புறம் தமிழ்நாட்டிலும் அதற்குத் தடை வந்தது. அதில் இருந்தது ரோடமின்-பி. துணிக்கும் காகிதத்துக்கும் போடுகிற சாயம் அது. உணவில் சேர்க்க அனுமதியே கிடையாது. அதிகாரிகள் சோதித்தார்கள், பிடித்தார்கள், சரி. ஆனால் பாட்டி கேட்டது அனுமதி பெற்ற சாயங்களைப் பற்றியும்தான். அதற்கு நாம் என்ன பதில் வைத்திருக்கிறோம்?

கல்லூரியில் வேதியியல் படிக்கும் என் மகளிடம் பாக்கெட்டைக் கொடுத்தேன். 102 டார்ட்ராசின், 110 சன்செட் யெல்லோ, இரண்டும் செயற்கைச் சாயம் என்றாள். 211 சோடியம் பென்சோயேட், கெடாமல் இருக்கச் சேர்ப்பது. இங்கிலாந்தில் சவுதாம்ப்டன் பல்கலைக்கழகம் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு செயற்கைச் சாயங்களில் சிலவற்றையும் இந்தச் சோடியம் பென்சோயேட்டையும் கலந்த பானத்தைக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். சில குழந்தைகளிடம் துறுதுறுப்பு கூடியது தெரிந்திருக்கிறது. அதுவே முடிந்த முடிவு இல்லை என்று அங்குள்ள நிபுணர்களே சொன்னார்கள். ஆனாலும் 2010 ஜூலையிலிருந்து ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் அந்த ஆறு சாயங்களில் எது இருந்தாலும், குழந்தைகளின் நடத்தையையும் கவனத்தையும் பாதிக்கக்கூடும் என்று பாக்கெட்டில் எழுதியாக வேண்டும். அந்த ஆறில் நான்கு நம் நாட்டில் அனுமதிக்கப்பட்டவை. இங்கே அப்படி ஒரு வரியும் இல்லை.

எண் போட்டதெல்லாம் விஷம் என்று வாட்ஸ்அப்பில் வருவதையும் நான் நம்பவில்லை. 100 என்றால் மஞ்சளில் இருக்கிற குர்குமின். 300 வைட்டமின் சி. 330 எலுமிச்சையில் இருக்கிற சிட்ரிக் அமிலம். பிரெட்டில் கால்சியம் புரோப்பியோனேட் சேர்க்காவிட்டால் நம் ஊர்ப் புழுக்கத்தில் சீக்கிரமே பூஞ்சை பிடித்துவிடும். என் அம்மா ஊறுகாய்க்கு உப்பையும் நல்லெண்ணெயையும் தாராளமாகப் போட்டதும் கெடாமல் இருக்கத்தான். எது மஞ்சள், எது சாயம் என்று பார்த்ததும் தெரியாதபடி எல்லாமே எண்ணுக்குள் ஒளிந்திருப்பதுதான் என் வருத்தம். நல்லதைப் பார்த்தும் பயப்படுகிறோம், கவனிக்க வேண்டியதையும் கவனிக்காமல் விடுகிறோம். வாசனைக்குச் சேர்ப்பதற்கு அந்த எண்கூடக் கிடையாது. 'நேச்சர் ஐடென்டிகல்' என்று ஒரு வார்த்தை போட்டிருப்பார்கள். இயற்கையில் உள்ள அதே பொருளைத் தொழிற்சாலையில் செய்தது என்று அர்த்தமாம். 22 வருடத்தில் ஒரு வாடிக்கையாளருக்காவது அது புரிந்து நான் பார்த்ததில்லை.

லேபிள் விவரம் ஆங்கிலத்தில் அல்லது இந்தியில் இருந்தால் போதும் என்கிறது மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. வேறு மொழியில் போடலாம், ஆனால் கட்டாயமில்லை. அதனால் தமிழ்நாட்டிலேயே தயாராகி என் கடைக்கு வரும் பாக்கெட்டில்கூட முன்பக்கம் பெயர் மட்டும் கொட்டை எழுத்தில் தமிழில் இருக்கிறது. விற்பதற்குத் தமிழ் வேண்டும், உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல மட்டும் வேண்டாமா?

எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூடப் பச்சைப் புள்ளியைப் பார்த்துச் சைவம் என்று கண்டுகொள்கிறார்கள். அதே போல செயற்கைச் சாயத்துக்கும் செயற்கை வாசனைக்கும் முன்பக்கத்திலேயே ஓர் அடையாளம் வைக்கலாம். சேர்க்கப்பட்ட பொருள்களின் பெயர்களைப் படிக்கிற அளவு எழுத்தில் தமிழில் அச்சிடுவதைக் கட்டாயமாக்க வேண்டும். தமிழக அரசு இதை மத்திய அரசிடம் விடாமல் கேட்க வேண்டும்.

வியாபாரம் குறைந்துவிடும் என்று பக்கத்துக் கடைக்காரர் சொல்கிறார். குறைந்தால் குறையட்டும். நம் நாட்டில் அனுமதி பெற்ற எட்டு செயற்கைச் சாயங்களின் எண்களை, 102, 110, 122, 124, 127, 132, 133, 143 என்று ஓர் அட்டையில் பெரிதாக எழுதிக் கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருக்கிறேன். தாங்களும் ஒரு முறை இந்த எண்களைத் தமிழ்ப் பெயரோடு கட்டம் கட்டி வெளியிட்டால் மற்ற கடைக்காரர்களும் வெட்டி ஒட்டிக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
மளிகைக் கடைக்காரர் ஒருவர்,
பட்டுக்கோட்டை.